மூளை தனக்குத்தானே போடும் கட்டு

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்வது பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரிகளில் காயத்தைச் சுற்றும் அந்த வெள்ளைத் துணிக்குப் பேர்போன ஊர் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கும் வெளியே அதே கட்டுதான். மண்டையோட்டுக்குள் துணி எட்டாது. அங்கே மூளையே ஒரு கட்டுப் போட்டுக்கொள்கிறது.

போடுபவை நரம்புச் செல்களுக்குத் துணையிருக்கும் கிளையா செல்கள், முக்கியமாக நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட்டுகள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ கிளையாவை வெறும் ஒட்டுப்பசை என்றே நினைத்தார். பாவம், அவரிடம் இருந்த நுண்ணோக்கி அவ்வளவுதான். வளர்ந்தவர் மூளையில் ஆஸ்ட்ரோசைட்டுகள் பிரிவது அபூர்வம். அடிபட்டதும் அவை பருத்து, ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரத இழையால் நிரம்புகின்றன. அந்தப் புரதம் ரத்தத்திலும் கசியும். லேசான தலைக்காயத்துக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவுசெய்ய, அதை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

காயத்தின் ஓரத்தில், ரத்தக்குழாயை ஒட்டியிருக்கும் சில ஆஸ்ட்ரோசைட்டுகள் மட்டும் பிரிந்து பெருகும். சேதத்தைச் சுற்றித் தழும்பு எழும். நரம்பு மறுபடி வளர விடாத சுவர் என்று அதைப் பல காலம் திட்டினார்கள். 2016இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் எலிகளின் தண்டுவடத்தில் தழும்பு உருவாகாமல் தடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் நரம்பு இழை வளரவில்லை. பழி அத்தனையும் தழும்பின் மேல் போட்டது அநியாயம்தான்.

சில சமயம் இந்தப் பிரிதல் தடம் மாறும். குரோமோசோம்கள் இரண்டு அணியாகப் பிரியாமல், பருத்த செல்லின் நடுவே சிறுசிறு மணிகளாகச் சிதறிக் கிடக்கும். இப்படிப்பட்ட செல்லுக்கு கிராய்ட்ஸ்ஃபெல்ட் செல் என்று பெயர். விபத்துக் காயத்தைவிட, நரம்பிழையின் மயலின் உறை அழியும் நோய்களில்தான் அதிகம் கண்ணில் படும். இதில்தான் ஆபத்து: பருத்த செல், தாறுமாறான பிரிதல், இரண்டும் மூளைப் புற்றிலும் உண்டு.

அனுபவமுள்ள நோய்க்குறியியல் மருத்துவர் அந்த ஒரு செல்லோடு நிற்கமாட்டார். அக்கம்பக்கத்தில் மயலின் குப்பையை விழுங்கி நுரைத்துப்போன மாக்ரோஃபேஜ்கள் கூட்டமாக இருந்தால், புற்று என்று எழுதத் தயங்குவார். மயலின் நோய்க்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு போதும். புற்று என்று தவறாக எழுதிவிட்டால் நோயாளி கதிர்வீச்சுக்குப் போவார். பயாப்சித் துண்டோடு ஸ்கேன் படத்தையும், ஏற்கெனவே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அந்த விவரத்தையும் மருத்துவர் கேட்டு வாங்குவது அதற்காகத்தான்.