விசையுந்துச் சட்டகத்திற்கான பிரேசிங் பொருட்கள்

விசையுந்துச் சட்டகத்தின் எஃகுக் குழாய்களை உருக்காமல், அவற்றைவிடக் குறைந்த வெப்பநிலையில் உருகும் வேறோர் உலோகத்தால் இணைக்கும் முறை பிரேசிங் எனப்படும். இணைக்கப் பயன்படும் அவ்வுலோகம் நிரப்பு உலோகம் ஆகும். இது 450 °செ-க்கு மேல் உருகுவதாயின் பிரேசிங் என்றும், அதற்குக் கீழ் உருகுவதாயின் பற்றாசு வைத்தல் என்றும் வழங்கப்படும். எஃகு ஏறத்தாழ 1500 °செ-இல் உருகுவதால், பிரேசிங்கில் குழாய் திண்ம நிலையிலேயே இருக்கிறது.

வரலாறு

இங்கிலாந்தின் ரெனால்ட்சு நிறுவனம் 1935இல் அறிமுகப்படுத்திய "531" குழாய், மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகால் ஆனது. மெல்லிய சுவருடைய இக்குழாயை உருக்கிப் பற்றவைத்தால் இணைப்பை ஒட்டிய பகுதி வலுவிழக்கும் என்பதால், பிரேசிங்கே விரும்பப்பட்டது. மெக்கேண்ட்லெசு உடன்பிறப்புகள் வடிவமைத்து, 1950இல் நார்ட்டன் பந்தய விசையுந்துகளில் அறிமுகமான "ஃபெதர்பெட்" சட்டகம் இவ்வாறு உருவானதே.

நிரப்பு உலோக வகைகள்

எது வலிமையான கம்பி என்பதைவிட, குழாய்கள் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகின்றன என்பதே தேர்வை முடிவு செய்கிறது.

* வெள்ளிக் கலவை: 45% வெள்ளி கொண்ட ஒரு வகை 663 முதல் 743 °செ வரையிலான வெப்பநிலையில் உருகுகிறது. நன்கு இளகி ஓடுவதால், நுண்புழை விளைவால் 0.05 முதல் 0.13 மி.மீ. வரையிலான இடைவெளிக்குள் தானே ஏறுகிறது. ஒரு குழாய் மற்றொன்றினுள் செருகப்படும் இணைப்புகளுக்கு ஏற்றது. அகன்ற இடைவெளியை இதனால் நிரப்பினால் இணைப்பு வலுவற்றதாகும்.
* வெண்கலக் கம்பி: பெயரில் வெண்கலமாயினும் இது ஏறத்தாழ 60% செம்பும் 40% துத்தநாகமும் கொண்ட பித்தளையே. ஏறத்தாழ 870 முதல் 900 °செ வரை உருகும். குழாய்கள் சந்திக்கும் மூலையில் தடித்த வளைவாகப் படிய வைக்கலாம். ஃபெதர்பெட் இணைப்புகள் இவ்வகையின.
* நிக்கல் கலந்த கம்பி: ஏறத்தாழ 10% நிக்கல் உடையது. பித்தளையைவிட வலிமை மிக்கது. ஆனால் ஏறத்தாழ 930 °செ வேண்டும்.

இளக்கி

சூடேறும் எஃகின் மேல் உருவாகும் ஆக்சைடு படலத்தை நீக்க இளக்கி தேவை. பித்தளைக்கு வெண்காரம் சார்ந்த இளக்கியும், வெள்ளிக்குக் குறைந்த வெப்பத்திலேயே செயற்படும் புளூரைடு இளக்கியும் பயன்படுகின்றன. பின்னர் இளக்கியின் எச்சத்தை அகற்றாவிடில் அரிப்பு ஏற்படும்.

கவனிக்க வேண்டியவை

* குழாய்களை வலிந்து இழுத்துப் பொருத்திய நிலையில் சூடாக்கினால், உருகிய பித்தளை எஃகின் படிக மணிகளுக்கிடையே ஊடுருவி விரிசலை உண்டாக்கும். இவ்விரிசல் வெளியே தெரியாமலிருந்து, ஓட்டத்தின்போது சட்டகம் முறியக் காரணமாகலாம்.
* துத்தநாகம் 907 °செ-இல் கொதிக்கிறது. மிகைச் சூட்டில் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். இணைப்பிலும் நுண்துளைகள் தோன்றும்.
* பழைய வெள்ளிக் கம்பிகள் சிலவற்றில் உள்ள காட்மியத்தின் ஆவி உயிருக்கே ஆபத்தானது.
* பிரேசிங் செய்த இணைப்பு விரிசலுற்றால், அதன் மேல் மின்வில் பற்றவைப்புச் செய்யக்கூடாது. எஞ்சியுள்ள செம்பு எஃகினுள் புகுந்து புதிய விரிசல்களை உண்டாக்கும். பழைய நிரப்பு உலோகத்தை முற்றிலும் அகற்றிய பின்னரே அவ்வாறு செய்யலாம்.