பூ இருக்கு, காய் இல்லையா? மகரந்தத்தின் தோலைப் பாருங்கள்!

'செடி செழிப்பாக இருக்கிறது, பூவும் நிறைய வருகிறது. காய்தான் பிடிக்கவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?' அணைக்கட்டு, இலவம்பாடி பகுதியில் முள்ளு கத்தரி போடும் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கத்தரி இது. மருந்துக் கடைக்குப் போவதற்கு முன், பூவுக்குள் இருக்கும் மஞ்சள் தூளைக் கொஞ்சம் கவனிப்போம்.

இயற்கை பதனிட்ட தோல்

ஆம்பூர், வாணியம்பாடியில் பச்சைத் தோலைப் பதனிட்டால்தான் அது அழுகாமல் நிற்கும். மகரந்தத் தூளுக்கு இயற்கையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஒவ்வொரு தூளுக்கும் இரண்டு சுவர்கள். உள்சுவர் மெல்லியது. வெளிச்சுவர் 'ஸ்போரோபொலனின்' என்ற பொருளால் ஆனது. கடும் அமிலத்தில் வேகவைத்தாலும் கரையாது. ஏரிச் சேற்றில் புதைந்தால் பல லட்சம் ஆண்டுகள் கழித்தும் இன்ன செடி என்று அடையாளம் காட்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இதற்காகவே ஆயிரக்கணக்கான மகரந்த மாதிரிகள் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன.

இந்தச் சுவரில் ஆங்காங்கே வாசல்கள் உண்டு. மக்காச்சோள மகரந்தத்துக்கு ஒன்று, கத்தரிக்கு மூன்று. சூலகமுடியில் விழுந்ததும், வாசல் வழியாக ஒரு குழல் வளர்ந்து சூலை அடைகிறது. அதன்பிறகுதான் காய்.

முள்ளும் வழவழப்பும்

பூசணி மகரந்தம் பெரியது. மேலெல்லாம் முள், எண்ணெய்ப் பசை. தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு போகும். மக்காச்சோளத்துக்குக் காற்றே போதும், அதனால் முள் கிடையாது.

செடியிலும் காம்பிலும் முள் வைத்திருக்கும் நம் கத்தரிக்கு மகரந்தத்தில் மட்டும் முள் இல்லை. வழவழப்பான, உலர்ந்த, மிகச் சிறிய தூள். அது இருக்கும் மகரந்தப் பையும் பக்கவாட்டில் வெடிக்காது. நுனியில் இரண்டு சிறு துளைகள் மட்டுமே. பவுடர் டப்பாவைப் போலக் குலுக்கினால்தான் கொட்டும்.

காற்றும் ஓரளவு குலுக்கும். ஆனால் நன்றாகக் குலுக்குபவை, மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டும், நீலப்பட்டைத் தேனீயும். பூவைப் பிடித்துக்கொண்டு 'ரீங்...' என்று உடம்பை அதிரவைக்கும். தூள் பொலபொலவென்று கொட்டும்.

சுவர் தடுக்காதவை

எவ்வளவு உறுதியான சுவரானாலும் சித்திரை, வைகாசி வெயிலின் சூட்டைத் தடுக்காது. உள்ளே இருக்கும் உயிர் கெட்டுவிடும். மழையில் நனைந்தால், வாசல் வழியே நீர் புகுந்து தூள் வெடித்துவிடவும் கூடும்.

என்ன செய்யலாம்?

* பூக்கும் பருவத்தில் காலையில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால், மாலையில் வண்டு நடமாட்டம் நின்றபின் அடியுங்கள்.
* வேலியோரம் பட்ட மரக்கட்டை, காய்ந்த மூங்கில் இருந்தால் விட்டுவையுங்கள். கருவண்டின் வீடு அதுதான். நீலப்பட்டைத் தேனீக்கு உழாத வரப்பு மண் போதும்.
* கடும் வெயிலில் பூ வராதபடி நடவுக் காலத்தை அமைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஈரம் குறையவிடாதீர்கள்.
* வீட்டுத்தோட்டமாக இருந்தால், காலை வேளையில் பூங்கொத்தை லேசாகச் சுண்டிவிடுங்கள்.
* உதிரும் பூவைப் பிரித்துப் பாருங்கள். சூல்தண்டு மகரந்தப் பையைவிடக் குட்டையாக இருந்தால், அது இயல்பாகவே காய்க்காத பூ. அதற்கு மருந்து வேண்டாம். நீண்ட தண்டுப் பூக்களே அதிகம் உதிர்ந்தால், உங்கள் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்துக்கு ஒரு கிளையோடு வாருங்கள்.