அறுத்த காரை அறுத்தபடியே மீட்பது

ஃபோர்டு நிறுவனம் 1951-ம் ஆண்டு மாடல் மெர்க்குரி காரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியது. அதில் ஒன்றை, பாப் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர் 1952-ல் கலிஃபோர்னியாவின் லின்வுட் நகரில் இருந்த ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். கிட்டத்தட்டப் புது வண்டி. துரு கிடையாது, எங்கும் இடிபடவில்லை. இருந்தும் அதன் கூரையை அறுத்து இறக்கச் சொன்னார்.

பட்டறைக்காரர்கள் சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் என்ற அண்ணன் தம்பி. தம்பி ஜார்ஜ் பின்னாளில் டி.வி. தொடருக்கு பேட்மேன் கார் செய்து கொடுத்து உலகப் புகழ் பெற்றவர். பத்திரிகை, விளம்பரம், சினிமா தொடர்பெல்லாம் அவர் பொறுப்பு. தகட்டில் கை வைத்தவர் அண்ணன் சாம். பெயர் தம்பிக்குப் போனது, வேலை அண்ணனுடையது என்பது என் கட்சி. சாம் தன் சொந்த 1949 மெர்க்குரியின் கூரையை முன்பே அறுத்து இறக்கியிருந்தார். ஹிரோஹாட்டாவின் கார் அதையும் மிஞ்சியது.

கூரையை இறக்குவது என்றால் தூண்களில் நாலு அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவதுதானே என்று தோன்றும். பெட்டி மாதிரி நேராக நிற்கும் தூண்கள் என்றால் அப்படியே செய்யலாம். மெர்க்குரியின் முன்தூண் பின்பக்கம் சாய்ந்தது. அதில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மேல்பாதியை இறக்கினால், அது கீழ்பாதியின் நேர்மேலே வந்து உட்காராது. விலகி அந்தரத்தில் நிற்கும். பின்பக்கத்திலும் இதே கதைதான், எதிர்த்திசையில். ஆகவே தூணைச் சாய்க்க வேண்டும், இல்லை கூரையைக் குறுக்கே வெட்டி நடுவில் தகடு சேர்த்து நீட்ட வேண்டும். வளைந்த பின்கண்ணாடி அடுத்த தலைவலி. பதப்படுத்திய கண்ணாடியை அறுக்க முடியாது, தூள்தூளாகிவிடும். அதனால் கண்ணாடியை முழுசாகவே வைத்துக்கொண்டு, அதைப் படுக்கவைத்து, சுற்றியிருக்கும் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி அதன் சாய்வுக்கு ஏற்பத் திருத்துவார்கள். ஹிரோஹாட்டாவின் காரில் கூரை முன்னால் 4 அங்குலமும் பின்னால் 7 அங்குலமும் இறங்கியது. கதவுக்குப் பின்னால் நிற்கும் நடுத்தூணை சாம் அடியோடு எடுத்துவிட்டார். ஜன்னலை இறக்கினால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு.

மற்றதெல்லாம் ஊர்ப்பட்ட கார்களில் இருந்து வந்தது. பக்கவாட்டுப் பளபளப்புப் பட்டை பியூக்கில் இருந்து. பின்விளக்குகள் லிங்கனுடையவை. ஹெட்லைட் வளையம் ஃபோர்டு. அதை மட்கார்டுக்குள் அமிழ்த்தி விளிம்பு தெரியாமல் இணைத்துவிட்டார்கள். கதவுக் கைப்பிடியும் பானெட் சின்னமும் போயின; அவை இருந்த துளைகளை அடைத்து வழித்துவிட்டார்கள். மேலே வெளிர் கடல்பச்சை, கீழே கரும்பச்சை.

இத்தனை ஒட்டு போட்ட வண்டியில் ஒட்டு தெரியக் கூடாது. 1950-களில் அதற்குக் கைகொடுத்தது காரீயம். இந்த வகைக் கார்களுக்கு 'லெட் ஸ்லெட்' (காரீயச் சறுக்குவண்டி) என்ற பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான்.

அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். வெல்டிங் செய்த இடத்தைப் பளிச்சென்று வெள்ளைத் தகடு தெரியச் சுரண்டுவார்கள். பிறகு ஃப்ளக்ஸ் என்ற அமிலக் கலவையைத் தடவிச் சூடுகாட்டி, மெல்லிதாக ஓர் ஈயப் பூச்சு. இதுவரை, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரின் வேலைதான். அடுத்ததுதான் வித்தை. நூற்றுக்கு எழுபது காரீயம், முப்பது வெள்ளீயம் கலந்த கம்பியை டார்ச்சில் காட்டுவார்கள். இந்தக் கலவை 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்து, 250-ஐத் தாண்டிய பிறகுதான் முழுத் திரவமாகும். இடைப்பட்ட சூட்டில் அது ஓடவும் ஓடாது, இறுகவும் இறுகாது, தள்ளினால் நகரும். செங்குத்தான கதவுத் தகட்டில்கூட அதை ஒட்டவைத்து, கொழுப்போ தேன்மெழுகோ தடவிய மரக்கட்டையால் வழித்து உருவம் கொடுக்கலாம். டார்ச்சை ஒரு கணம் கூடுதலாகக் காட்டினால் மொத்தமும் ஒழுகித் தரையில் விழும். கூடுதல் சூட்டில் தகடும் நெளிந்துவிடும். ஆறியதும் அரம் போட்டுச் சீவுவார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. காரீயத் தூசி நுரையீரலுக்குள் போகும். அந்தக் காலத்துப் பட்டறைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரீயம் தனிப்பட்டறைகளின் சரக்கு மட்டும் அல்ல. டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளே கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் இடத்தை இதால்தான் நிரப்பின. எந்த மாற்றமும் செய்யாத பழைய செவர்லே காரைப் புதுப்பிக்கிறவருக்கும் பெயிண்ட் சுரண்டியதும் அந்தச் சாம்பல் கோடு எதிர்ப்படும். அதன் அடியில் பழைய ஃப்ளக்ஸ் அமிலம் மிச்சம் இருந்தால், புதுப் பெயிண்ட் சில மாதங்களில் கொப்பளிக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி அமிலத்தைப் போக்குவது இன்றைக்கும் இருக்கும் வழக்கம்.

ஹிரோஹாட்டாவின் மெர்க்குரி கண்காட்சிகளில் பரிசு வாங்கியது, 1955-ல் 'ரன்னிங் வைல்ட்' படத்தில் தலைகாட்டியது, நிறம் மாறியது, கை மாறியது. மோகம் வேறு பக்கம் திரும்பியதும் மதிப்பு சரிந்தது. 1959-ல் பழைய கார் விற்கும் இடம் ஒன்றில் நின்ற அதை ஒரு பள்ளிப் பையன் 500 டாலருக்கு வாங்கினான். சில வருஷம் ஓட்டினான். பிறகு பல வருஷம் அது அவன் வீட்டு ஷெட்டில் கிடந்தது. அவன் விற்கவில்லை.

அதை மீட்கும் வேலை 1980-களின் கடைசியில் தொடங்கியபோது எழுந்த கேள்விதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்தது. பழைய காரைப் புதுப்பிப்பது என்றால் தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்துக்குத் திருப்புவது. இந்தக் காரை அப்படித் திருப்பினால் இன்னொரு சாதா மெர்க்குரி மிஞ்சும், அவ்வளவுதான். இங்கே அறுத்த வெட்டுதான் அசல். சாம் போட்ட ஒட்டைப் பிரித்து இன்னும் துல்லியமாகப் போட இன்றைய வெல்டிங்கால் முடியும். போட்டால் அது சாமுடைய வேலையாக இருக்காது. ஆகவே 1952-ன் உருவத்துக்கும் அந்த இரட்டைப் பச்சைக்கும் அதைத் திருப்பினார்கள். 2015-ல் பெபிள் பீச் கார் கண்காட்சியில், கோடீஸ்வரர்களின் கார்கள் நிற்கும் புல்தரையில் அதுவும் நின்றது. 2017-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியது. 2022 ஜனவரியில் ஃப்ளோரிடா ஏலத்தில் சுமார் 20 லட்சம் டாலருக்குப் போனது.

இந்த விலையைப் பார்த்துவிட்டு ரம்பத்தைத் தூக்குகிறவர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. சாம் அறுத்தபோது அதே போன்ற கார் தெருவுக்குத் தெரு ஓடியது. இன்று துருப்பிடிக்காத, முழு உடம்போடு இருக்கும் ஒரு மெர்க்குரி கூரைமேல் வெட்டு விழுவது வேறு விஷயம். வடக்கு மாநிலங்களில் பனி உருகச் சாலையில் உப்பு கொட்டுவதால் அடித்தளமும் கதவுக்குக் கீழ்ப்பட்டையும் அரித்துப்போன உடல்கள் கிடைக்கின்றன. எப்படியும் பாதித் தகடு மாற்ற வேண்டிய அவற்றில் வெட்டட்டுமே. அரிசோனா வெயிலில் காய்ந்து, பெயிண்ட் மட்டும் வெளுத்து நிற்கும் வண்டியை விட்டுவிடலாம்.

காரீயத்தை உயர்த்தி, பட்டியை மட்டும் இழிவாகப் பேசுகிற பழக்கமும் எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் பாலியெஸ்டர் பட்டி 1950-களில் வந்தது; டார்ச் வேண்டாம், ஒழுகும் பயம் இல்லை. நன்றாகத் தட்டி நேராக்கிய தகட்டின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் பூசினால் அது பல வருஷம் தாங்கும். துரு ஓட்டையை வலையும் பட்டியுமாக அடைத்துப் பெயிண்ட் அடிப்பதுதான் மோசடி. பின்னாலிருந்து ஈரம் ஏறி, விற்றவர் பணத்தை எண்ணி முடித்த பிறகு மொத்தமும் பெயர்ந்து வரும்.

அதனால்தான் பழைய அமெரிக்கக் கார் வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் காந்தம் வைத்திருப்பார்கள். ஒட்டினால் தகடு, நழுவினால் பட்டி என்று கணக்கு. மெர்க்குரியில் இந்தக் கணக்கு செல்லாது. காரீயத்திலும் காந்தம் ஒட்டாது. கைதேர்ந்தவரின் ஒட்டிலும் களவாணியின் பட்டியிலும் ஒரே மாதிரி நழுவும். டிக்கி விரிப்பைத் தூக்கி, டார்ச் லைட்டோடு உள்ளே தலையை விட்டு, தகட்டின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சுத்தியல் தடம் வரிசையாக, நெருக்கமாக விழுந்திருந்தால் விலை பேசலாம். புத்தம் புதுக் கறுப்பு அடித்தளப் பெயிண்டைத் தடிமனாக அப்பி எல்லாவற்றையும் மூடியிருந்தால், காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.