பெயர் மாற்றப் போனால் கோப்பு திறக்கிறதா?

மாங்காட்டில் எங்கள் பள்ளிக் கணினியில் மதிப்பெண் கோப்பின் பெயரை மாற்றச் சொடுக்கினேன், கோப்பே திறந்துகொண்டது. கவனிக்காமல் தட்டச்சிட்டதில், ஒரு மாணவியின் மதிப்பெண் இருந்த கட்டத்தில் புதிய பெயர் விழுந்தது. நல்லவேளை, விடைத்தாள் கையில் இருந்ததால் திருத்த முடிந்தது.

விண்டோஸில் ஒருமுறை சொடுக்கி, சற்று நிறுத்தி, பெயர்மீது மீண்டும் சொடுக்கினால் பெயரை மாற்றலாம். இரண்டும் சுமார் அரை விநாடிக்குள் விழுந்தால் அது இரட்டைச் சொடுக்கு, கோப்பு திறந்துவிடும்.

எளிய வழி: அம்புக்குறி விசையால் கோப்பைத் தேர்ந்து எஃப்2 விசையை அழுத்துங்கள். பெயரைத் தட்டச்சிட்டு எண்டர் தட்டுங்கள். கோப்பு திறந்திருந்தால் முதலில் மூடிவிடுங்கள்.

ஒரே சொடுக்கு இரண்டாகப் பதிவானால் வேறு மவுஸை மாட்டிப் பாருங்கள். சரியானால், பழைய மவுஸின் பொத்தான்தான் பழுது.