குஞ்சுக் கொட்டகைக்குப் பெரிய கேஸ் சிலிண்டர்: இணைக்கும் முறையும் எச்சரிக்கைகளும்

மார்கழி, தை மாதப் பனியில் கறிக்கோழிக் குஞ்சு வளர்ப்போர் ஒரு குறையைத் தவறாமல் கூறுவார்கள். "மாலையில் நன்றாக எரிந்த கேஸ் புரூடர் விடியற்காலை நாலு மணிக்குத் தணிந்து போய்விட்டது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் கேஸ் இருக்கிறது. குஞ்சுகள் ஒரு மூலையில் குவிந்து, அடியில் அகப்பட்டவை மூச்சு முட்டிச் செத்துக் கிடக்கின்றன" என்பார்கள். புரூடர் பழுது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துச் சென்றால், அங்கே அது ஒழுங்காக எரியும்.

குறை புரூடரில் இல்லை. சிலிண்டர் சிறியது. ஆனால் பெரிய சிலிண்டரை வாங்கி, பழைய குழாயை அதில் மாட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவதும் தவறு. அவசரத்தில் செய்யும் இணைப்பினால் குஞ்சு மட்டுமல்ல, கொட்டகையும் ஆளும் சேர்ந்து போகக்கூடும். ஆகவே பெரிய சிலிண்டரை எப்படித் தேர்ந்தெடுத்து இணைப்பது என்பதைப் பார்ப்போம்.

கேஸ் இருந்தும் தணிவது ஏன்?

சமையல் எரிவாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரு வாயுக்களின் கலவை. சிலிண்டருக்குள் இது திரவமாக இருக்கிறது. வால்வைத் திறந்ததும் மேற்பரப்பிலுள்ள திரவம் ஆவியாகி வெளியே வருகிறது. எந்தத் திரவமும் ஆவியாவதற்குச் சூடு வேண்டும். வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்வது இதனால்தான். ஒரு கிலோ கேஸ் ஆவியாக, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்கு ஏறக்குறையச் சூடு தேவை. இந்தச் சூட்டைச் சிலிண்டர் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து, தகட்டின் வழியாக எடுத்துக்கொள்கிறது.

சிறிய சிலிண்டரில் தகட்டின் பரப்புக் குறைவு. பனிக் காற்றில் சூடும் குறைவு. இரவெல்லாம் தொடர்ந்து கேஸ் இழுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்துகொண்டே போகிறது. குளிரக் குளிர உள்ளே அழுத்தம் குறைகிறது, சுடரும் தணிகிறது. சிலிண்டரின் அடிப்பாகத்தில் முத்து முத்தாக நீர் படிவதும், சில வேளை வெண்மையாக உறைபனி படிவதும் இதற்கு அடையாளம்.

இன்னொரு காரணமும் உண்டு. கலவையில் புரொப்பேன் முதலில் ஆவியாகிவிடும். எளிதில் ஆவியாகாத பியூட்டேன் கடைசியில் மிஞ்சும். எனவே கால் பங்கு கேஸ் உள்ள சிலிண்டர், குளிர்ந்த அதிகாலையில் வெறும் சிலிண்டரைப் போலவே நடந்துகொள்ளும். குஞ்சுக்குச் சூடு மிகவும் வேண்டிய நேரமும் அதுதான்.

பெரிய சிலிண்டரில் தகட்டுப் பரப்பும் திரவமும் அதிகம். ஆகவே அது சீக்கிரம் குளிர்ந்துபோகாது. பெரிய சிலிண்டரினால் கிடைக்கும் முதல் நன்மை இது. அதிக நாள் வருவது இரண்டாவது நன்மையே.

எவ்வளவு கேஸ் செலவாகும்?

புரூடரில் ஒட்டியுள்ள தகட்டைப் பாருங்கள். அதன் வெப்பத்திறன் கிலோ கலோரியில் இருந்தால் 11,000 ஆல் வகுக்கவும். மணிக்கு எத்தனை கிலோ கேஸ் எரியும் என்பது கிடைக்கும். உதாரணமாக, மணிக்கு 3,000 கிலோ கலோரி என்று இருந்தால் சுமார் 270 கிராம் செலவாகும்.

மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை 14 மணி நேரம் முழுச் சுடரில் எரிந்தால் இரவுக்கு 3¾ கிலோ வேண்டும். 5 கிலோ சிலிண்டர் முழுதும் எரிந்தால்கூட இரண்டாம் இரவு நடுச்சாமத்தைத் தாண்டாது. 19 கிலோ சிலிண்டர் ஐந்து இரவுக்கு வரும்.

மிச்சம் எவ்வளவு என்று அறிய, தட்டிப் பார்ப்பதை விட எடை போடுவதே சரி. வெறும் சிலிண்டரின் எடை அதன் கைப்பிடியருகே பொறித்திருக்கும். மொத்த எடையில் அதைக் கழித்தால் மிச்சமுள்ள கேஸ் தெரியும்.

எந்தச் சிலிண்டர் வாங்குவது?

வீட்டுக்குக் கொடுக்கும் 14.2 கிலோ சிலிண்டரைப் பண்ணையில் பயன்படுத்தக் கூடாது. அது சட்டப்படி குற்றம். விநியோகஸ்தரிடம் வணிக இணைப்புக் கேட்டு, 19 கிலோ சிலிண்டர் பெறவும்.

நாலைந்து புரூடர் எரிய வேண்டுமானால் இரண்டு சிலிண்டர்களை ஒரே இணைப்புக் குழாயில் சேர்த்து, இரண்டிலிருந்தும் ஒரே சமயத்தில் கேஸ் எடுக்கலாம். அப்போது ஒவ்வொன்றும் பாதிச் சுமையையே தாங்கும், உறைவது குறையும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கேஸ் திரும்பிப் போகாதபடி தடுப்பு வால்வு அவசியம். உரிமம் இல்லாமல் மொத்தம் 100 கிலோ கேஸுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளவும்.

சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடித் தகட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். அந்த ஆண்டில் அந்த மாதத்துக்குள் சிலிண்டரை மறுசோதனை செய்திருக்க வேண்டும். தவணை கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள்.

ரெகுலேட்டரே முக்கியம்

சிலிண்டர் பெரிதானால் அழுத்தமும் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. ஒரே கேஸ், ஒரே வெப்பம் என்றால் சிறிய சிலிண்டரிலும் பெரிய சிலிண்டரிலும் அழுத்தம் ஒன்றே. ஆனால் இரண்டிலும் அது அதிகம்: சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோ. குறைந்த அழுத்த பர்னருக்கு வேண்டியதோ ஏறக்குறைய 30 கிராம்தான். நூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசத்தைத் தாங்கிக் குறைப்பது ரெகுலேட்டர். அது இல்லாமலோ, பொருந்தாத ரெகுலேட்டரைக் கொண்டோ இணைத்தால் சுடர் அடிக்கணக்கில் எழும்பும். குழாய் கழன்று அடிக்கும்.

புரூடர்களில் குறைந்த அழுத்தத்தில் எரிவதும் உண்டு, உயர் அழுத்தத்தில் எரிவதும் உண்டு. எது என்பது தகட்டில் இருக்கும். அதற்கேற்ற ரெகுலேட்டரையே வாங்க வேண்டும். ரெகுலேட்டர் மணிக்கு எத்தனை கிலோ கேஸ் விடும் என்பதும் அதிலேயே பொறித்திருக்கும். மேற்சொன்ன புரூடர் நாலு இருந்தால் மணிக்கு 1.1 கிலோ வேண்டும். ரெகுலேட்டர் அதற்குக் குறையக் கூடாது. சூடு போதவில்லை என்று பர்னரின் ஜெட் துவாரத்தைக் கம்பியால் பெரிதாக்குவது மிகவும் ஆபத்து.

சிலிண்டர் வைக்கும் இடம்

சிலிண்டர் கொட்டகைக்கு வெளியே இருக்க வேண்டும். இந்தக் கேஸ் காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகையால் கிணறு, சாக்கடை, குழி ஆகியவற்றின் அருகில் வைக்கக் கூடாது. சமதளமான திண்டின் மேல், மேலே வெயில் மறைக்கும் கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ளபடி, நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் கட்டவும். அருகில் அடுப்பு, சுவிட்ச், மோட்டார் எதுவும் இருக்கக் கூடாது.

சிலிண்டரைப் படுக்க வைக்கவோ தலைகீழாகக் கவிழ்க்கவோ கூடாது. அப்போது ஆவிக்குப் பதில் திரவமே வெளியே வரும். திரவம் ஆவியாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். பர்னர் அதைத் தாங்காது.

குழாய் போடும் விதம்

சிலிண்டர் திண்டிலிருந்து கொட்டகைக்குள் செல்லும் பாதை இரும்பு அல்லது செம்புக் குழாயாக இருக்கட்டும். கேஸ் வேலை தெரிந்த பிட்டரைக் கொண்டே போட வேண்டும். குழாய் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் கடைசிப் புரூடருக்குக் கேஸ் போய்ச் சேராது. முதலாவது நன்றாக எரிய, கடைசியானது மினுக்கும். எனவே தூரத்தையும் புரூடர்களின் எண்ணிக்கையையும் பிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிக் குழாயின் அளவைத் தீர்மானிக்கவும்.

கொட்டகைக்கு வெளியே ஒரு பிரதான வால்வும், ஒவ்வொரு புரூடருக்கும் ஒரு தனி வால்வும் வைக்கவும். இரும்புக் குழாயிலிருந்து புரூடர் வரை மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, உள்ளே கம்பி வலை கொண்ட கேஸ் ரப்பர் குழாய் போதும். உயர் அழுத்தப் புரூடர் என்றால் அந்த அழுத்தத்துக்கென்றே செய்த குழாய் வாங்க வேண்டும். மருந்து தெளிக்கும் குழாய், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் இவை வேண்டவே வேண்டாம். கேஸ் பட்டால் இவை இறுகி வெடிப்பு விடும். தீவனம் உள்ள இடத்தில் எலியும் இருக்கும். எலி கடித்த குழாயை ஒட்டுப் போடாமல் மாற்றுங்கள். பழுதில்லாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ரப்பர் குழாயை மாற்ற வேண்டும்.

கசிவுச் சோதனை

இணைத்ததும் எல்லாப் புரூடர் வால்வுகளையும் மூடி, சிலிண்டரை மட்டும் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவவும். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. மூடி, சரி செய்து, மீண்டும் பார்க்கவும். தீக்குச்சி காட்டிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தற்கொலைக்குச் சமம். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இச்சோதனை தேவை.

கேஸில் கசிவை அறிவதற்காகவே நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எச்சத்தின் அம்மோனியா நெடியில் பழகிய மூக்குக்கு அது எளிதில் தெரியாது. ஆகவே மூக்கை நம்பாமல் சோப்பு நுரையை நம்புங்கள். நாற்றம் தெரிந்தால் எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். வெளியிலுள்ள வால்வை மூடி, படுதாவைத் திறந்து விட்டு, ஆட்களை அப்புறப்படுத்தி, எட்டச் சென்று 1906 என்ற கேஸ் அவசர எண்ணுக்குச் சொல்லவும். தீப்பிடித்தால் 101.

கொட்டகைக்குள்ளே

புரூடரை உறுதியான சங்கிலியில் தொங்க விடுங்கள். ரப்பர் குழாய் பாரம் தாங்கக் கூடாது. ஒரு சங்கிலி அறுந்தாலும் கீழே விழாமல் இருக்க இரண்டாவது சங்கிலி வேண்டும். கீழே பரப்பியிருப்பது கடலைத் தோல், உமி, மரத்தூள். புரூடர் விழுந்தால் நொடியில் பற்றிக்கொள்ளும். தயாரிப்பாளர் குறித்த உயரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. சுடர் அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் பாதுகாப்புக் கருவி உள்ள புரூடரே நல்லது.

குளிருக்குப் பயந்து படுதாவை முற்றும் மூடுவது பெரிய தவறு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். மூடிய கொட்டகையில் அது கூளத்தை நனைத்து அம்மோனியாவைக் கிளப்பும். காற்றுப் போதாமல் கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காவலுக்கென்று இரவில் கொட்டகைக்குள்ளேயே படுப்பவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். எனவே படுதாவின் மேற்பகுதியில் எப்போதும் இடைவெளி விடுங்கள். படுக்கையை வெளியே போடுங்கள். நீலச் சுடர் மஞ்சளானால் பர்னரைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பொருள்.

செய்யக் கூடாதவை

உறைந்த சிலிண்டருக்கு அடியில் நெருப்பு மூட்டுவது, கொதிநீர் ஊற்றுவது இரண்டும் கூடாது. பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்குக் கேஸ் மாற்றுவதும் கூடாது. அளவுக்கு மேல் நிரம்பிய சிலிண்டர் வெயிலில் வெடிக்கும். இப்படி மாற்றுவது சட்டத்துக்கும் விரோதம்.

முதல் நாளே ஒத்திகை

குஞ்சு வருவதற்கு 24 மணி நேரம் முன்பே புரூடரைப் பற்ற வைத்துக் கூளத்தைச் சூடாக்க வேண்டும். அந்த இரவையே ஒத்திகையாகக் கொள்ளுங்கள். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பாருங்கள். புரூடரின் ஓரத்தில், குஞ்சின் முதுகு உயரத்தில் வெப்பமானி 95 டிகிரி பாரன்ஹீட் காட்ட வேண்டும். சிலிண்டரில் நீர் முத்து இருந்தால் பரவாயில்லை; உறைபனி இருந்தால் இன்னொரு சிலிண்டர் சேர்க்க வேண்டும். முதல் வாரம் 95 டிகிரியில் வைத்து, வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்து வரலாம்.

அதன் பிறகு குஞ்சுகளே சொல்லும். அடியில் நெருக்கிக் கத்தினால் சூடு போதாது. விலகி ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் சூடு அதிகம். பரவலாகப் படுத்து, தீவனமும் தண்ணீரும் தேடிப் போய் வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீங்களும் போய்ப் படுக்கலாம்.