மேற்கே உதித்துக் கிழக்கே மறையும் ‘நட்சத்திரம்’! தெரியுமா?

செயற்கைக்கோள் எந்தத் திசையில் போகிறது என்று கவனித்தாலே அது என்ன வேலைக்குப் போகிறது என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். தெரியுமா?

★ சூரியனும் சந்திரனும் கிழக்கே உதிக்க, நட்சத்திரம்போல் தெரியும் சர்வதேச விண்வெளி நிலையம் மேற்கே எழும்பிக் கிழக்கே மறைகிறது! பூமியும் கிழக்கு நோக்கித்தான் சுழல்கிறது. ஆனால் அது ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி நேரமாகும். மணிக்கு 28,000 கி.மீ. வேகத்தில் பறக்கும் நிலையமோ சுமார் 92 நிமிடத்தில் பூமியையே சுற்றி முடித்துவிடும்!

★ மாலையில் பளிச்சென்று வந்த செயற்கைக்கோள் நடுவானில் பொசுக்கென்று காணாமல் போகிறதா? பயம் வேண்டாம், அது பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது! அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நாம் பார்ப்பது அதன்மீது பட்டுத் திரும்பும் வெயிலை. விடியலுக்கு முன் பார்த்தால் கதை தலைகீழ்: நிழலைவிட்டு வெளியே வந்து நடுவானில் திடீரென்று முளைக்கும்!

★ ராக்கெட்டுக்கு இலவச வேகம் உண்டு! நிலநடுக்கோட்டில் தரையே மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. கிழக்கு நோக்கி ஏவினால் அத்தனையும் லாபம், எரிபொருளும் மிச்சம்!

★ அந்த லாபத்தை வேண்டாம் என்று ஒதுக்கும் நாடு இஸ்ரேல்! கிழக்கே ஏவினால் ராக்கெட்டின் பாகங்கள் அண்டை நாடுகளில் விழலாம். அதனால் 1988-ல் ஏவிய முதல் ‘ஓஃபெக்’ செயற்கைக்கோளையே மத்தியதரைக் கடலுக்கு மேலாக, மேற்கு நோக்கி அனுப்பியது!

★ மொட்டைமாடி டிஷ் ஆன்டெனா ஏன் திரும்புவதே இல்லை? அது பார்க்கும் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் அதே கதியில் கிழக்கே ஓடுகிறது. ஓடிக்கொண்டே இருப்பதால்தான் நின்ற இடத்தில் நிற்கிறது!

★ வடக்கு-தெற்காக ஒளிப்புள்ளி நகர்ந்தால், பெரும்பாலும் அது பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்! அது துருவங்களைச் சுற்றச் சுற்ற, கீழே பூமி சுழன்று ஒவ்வொரு நாடாகக் காட்டிக்கொடுக்கும்.

★ இத்தகைய செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவ முடியாது; குறுக்கே இலங்கை! ராக்கெட் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். சிறிய ராக்கெட்டுக்கு இது பெரிய நஷ்டம். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்துக்குத் தெற்கே வெறும் கடல்தான். இஸ்ரோவின் அடுத்த ஏவுதளத்துக்கு 2024-ல் அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது இதனால்தான்!