டிங்சர் மருந்தும் அதன் உபயோகமும்

நம் புதுக்கோட்டை ஜில்லாவில் சங்க அங்கத்தினர் பலர் மூலிகைக் குடிநீர் காய்ச்சி உபயோகிக்கின்றனர். குடிநீர் மறுநாளே கெட்டுவிடும். மேலும், இஞ்சியின் காரம் போன்ற பிசின் சத்துக்களும் வாசனைத் தைலங்களும் நீரில் நன்கு கரைவதில்லை. சாராய ஸ்பிரிட்டில் கரைந்து, நெடுநாள் கெடாதிருக்கும். இதுபற்றியே மேனாட்டு வைத்தியர் டிங்சரை வழக்கத்துக்குக் கொணர்ந்தனர்.

உலர்ந்த சரக்கை இடித்து, ஸ்பிரிட் ஊற்றி, மூடிய பாத்திரத்தில் ஏழு நாள் ஊறவைத்து, அவ்வப்போது குலுக்கிப் பின் பிழிந்து வடிகட்டுவது ஒரு முறை. சாதாரணச் சரக்காயின் 100 மில்லி லிட்டருக்கு 20 கிராமும், வீரியமுள்ளதாயின் 10 கிராமும் சேர்ப்பது பொதுவிதி. இஞ்சி டிங்சர் வயிற்று உப்புசத்துக்கு வழங்கிற்று. எட்டிக்கொட்டை டிங்சரைப் பசி உண்டாகச் சில துளி கொடுத்தனர்; அதிலுள்ள ஸ்டிரிக்னின் கொடிய நஞ்சாதலால், அளவு மீறின் வலிப்புக் கண்டு உயிர் போகும். புண்ணுக்குப் பூசும் அயோடின் டிங்சர் மூலிகை மருந்தன்று, அதை உட்கொள்ளலாகாது.

டிங்சரை வீட்டில் தயாரிக்கலாமா என்று கேட்பதுண்டு. கூடாது என்பதே விடை. வெளியில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம். கண்ணுக்கும் மூக்குக்கும் வேற்றுமை புலப்படாது. அது பார்வையைப் போக்கி உயிரையும் மாய்க்கும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருந்தென்று பெயரிட்டாலும் மெத்தனாலின் குணம் மாறாது.

நம் நாட்டு ஆசவ அரிஷ்டங்களிலும் சாராயச் சத்து உண்டு. ஆனால் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. வெல்லமும் காட்டாத்திப் பூவும் இட்டுப் புளிக்கவைக்கையில் தானே உண்டாவது. ஆதலால், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஈரல் நோயுள்ளவர்களும் இவற்றையும் டிங்சரையும் வைத்தியர் யோசனையின்றி உட்கொள்ளலாகாது.

நல்ல மருந்து வேண்டுமெனில் கூட்டுறவே வழிகாட்டியுள்ளது. 1944-ல் நாட்டு வைத்தியர்கள் ஒன்றுகூடிச் சென்னையில் இம்ப்காப்ஸ் என்னும் கூட்டுறவு மருந்துச் சாலையை நிறுவினர். தனியொரு வைத்தியருக்கு எட்டாத சரக்குக் கொள்முதலும் பக்குவமும் பலர் கூடியதால் கைகூடின.

நம் சங்கங்கள் செய்யத்தக்கது இதுவே: நிலவேம்பு, ஆடாதொடை, தூதுவளை முதலியவற்றைச் சுத்தமாய் உலர்த்தி, கலப்பின்றிச் சேர்த்து விற்கலாம். ஸ்பிரிட் மருந்துகளை லைசென்ஸ் பெற்ற சாலைகளுக்கே விட்டுவிடுக. வாங்கும்போது லைசென்ஸ் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சாராய அளவு ஆகிய நான்கும் சீட்டில் உண்டாவெனப் பார்க்கவும். சீட்டில்லாத புட்டியை, மலிவாயினும், வாங்கற்க.